எங்கள் வீட்டு மின்துறை அமைச்சர்

2025 ஒக்ரோபர் முதலாம் திகதி எனக்குப் பதவி போனது. லோறென்ஸ்கூக்கில் உள்ள எங்கள் வரிசை வீட்டுக்கு 2021 குளிர்காலம் தொடக்கம் நான்தான் மின்துறை அமைச்சர். என்னை எவரும் தெரிவுசெய்யவில்லை. சத்தியப்பிரமாணமும் எடுக்கவில்லை. கரண்ட் பில் கையைச் சுட்ட ஒரு டிசம்பரில், மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் விலை காட்டும் செயலி ஒன்றைக் கைத்தொலைபேசியில் இறக்கினேன். அன்றிலிருந்து என் உத்தரவில்லாமல் அந்தக் குசினியில் ஒரு புட்டுப்பானை ஏறியதில்லை.

ஆட்சி கொஞ்சம் கடுமையானதுதான். உடுப்புத் தோய்க்கிற மெசின் நடுச்சாமத்துக்குப் பிறகு. பாத்திரம் கழுவுகிற மெசின் அதற்கும் பிறகு. கார் கடைசி. மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் அடுப்புப் பக்கம் ஆரும் போகக்கூடாது. சோறு மத்தியானமே வெந்து, போர்வை சுற்றிக்கொண்டு கிடக்கும். குளித்துக்கொண்டிருக்கிற மகனின் கதவைத் தட்டி, "இப்ப ஒரு யூனிற் நாலு குரோணரடா!" என்று அறிவிப்பேன். உள்ளேயிருந்து நோர்வேஜிய மொழியில் ஒரு பதில் வரும். நான் அந்த மொழியில் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தவன். ஆனால் அவன் சொல்லுகிற சொல் எங்கள் பாடத்திட்டத்தில் இருக்கவில்லை.

மனைவிக்குக் கணக்கு நன்றாக வரும். அது எனக்கு எப்போதும் இடைஞ்சல். அரசாங்கம் தருகிற கரண்ட் உதவி எப்படி ஓடுகிறது என்று ஒரு நாள் மேசையில் இருந்து எனக்கு விளங்கப்படுத்தினாள். 2025இல் விற்பனை வரி சேர்க்காத விலை 75 சதத்தைத் தாண்டினால், தாண்டிய பங்கில் 90 வீதத்தை அரசாங்கம் கட்டியது. 2023 செப்டெம்பரிலிருந்து அந்தக் கணக்கை ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். ஆகவே விலை உச்சத்தில் நிற்கிற நேரத்தில் நாங்கள் பசி கிடந்து மிச்சம் பிடித்தால், அந்த மேல்பங்கில் பத்திலொன்றுதான் எங்களுக்கு. மிச்சம் ஒன்பதும் திறைசேரிக்கு.

"இஞ்சேருங்கோ," என்றாள், "இவ்வளவு எண்ணெய்க் காசு வைச்சிருக்கிற நாட்டுக்கு நாங்கள் ஆறின சோறு திண்டு மிச்சம் பிடிச்சுக் குடுத்திருக்கிறம். உங்களுக்கு அரசர் ஒரு பதக்கம் தர வேணும்."

அதற்காக நான் பதவி விலகவில்லை. இலங்கை அரசியலைப் பார்த்து வளர்ந்தவன் இதற்கெல்லாம் விலகுவானா? என்னைக் கவிழ்த்தது நாட்டு அரசியல். 2025 தை மாதக் கடைசியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் எரிசக்திச் சட்டங்களை ஏற்கமாட்டோம் என்று சென்டர் கட்சி அரசாங்கத்தைவிட்டு வெளியேறியது. தனித்து நின்ற தொழிற்கட்சி, நேட்டோவிலிருந்து திரும்பியிருந்த ஜென்ஸ் ஸ்டொல்டன்பேர்க்கை நிதியமைச்சராக்கியது. கூடவே 'நோர்கஸ்பிரீஸ்' என்ற நிலையான விலையையும் அறிவித்தது. விற்பனை வரியோடு யூனிற்றுக்கு 50 சதம். பகலென்ன, இரவென்ன, மாதம் 5,000 யூனிற் வரை அதே விலை. மனைவி ஒப்பந்தத்தைப் போட்டுவிட்டு எனக்குச் சொன்னாள். முதல் நாள் மாலை ஐந்தரைக்கு ஆட்டிறைச்சி அடுப்பில் ஏறியது, பாண் அவணுக்குள் போனது, போர்வைகள் மெசினுக்குள் சுழன்றன. மகன் குளியலறையில் ஒரு முழு இசைத்தட்டைப் பாடி முடித்தான்.

முற்றாகவும் கவிழவில்லை. மின்கம்பிக்குக் கட்டுகிற கட்டணம் என்று ஒன்று இருக்கிறதே, அது 2022 ஆடியிலிருந்து வேறு மாதிரி. ஒரு மாதத்தில் மூன்று வெவ்வேறு நாட்களில் நாங்கள் ஆகக் கூட இழுத்த மணித்தியாலங்களை எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். காரும் அவணும் தோசைக்கல்லும் ஒரே நேரத்தில் இழுத்தால் படி ஏறும். அந்த ஒரு துறையை மட்டும் எனக்கு விட்டுத்தந்திருக்கிறார்கள். இப்போது நான் இராஜாங்க அமைச்சர். அதிகாரம் இல்லை, வாகனம் மட்டும் உண்டு. அதற்கும் இரவில்தான் சார்ஜ் ஏற்றலாம்.

நான் இப்படிக் கரண்டை எண்ணிக்கொண்டிருக்கிற இதே கொமூனில் (உள்ளூராட்சிப் பிரிவில்), 2020இல் திறந்த 'ஸ்னே' மண்டபத்துக்குள் ஆடி மாதத்திலும் பனி கிடக்கிறது. சனம் காசு கட்டிப் போய்ச் சறுக்குகிறது. வருடத்தில் நாலைந்து மாதம் வாசலில் சும்மா கிடக்கிற சாமானுக்கு மண்டபம் கட்டி ரிக்கற் விற்கிற மூளை எங்கள் யாழ்ப்பாணத்தாருக்கு ஏன் வரவில்லை என்று நான் அடிக்கடி கவலைப்படுவதுண்டு.

பதவி குறைந்தால் கருத்துக் கூடும். மனைவி கண்டுபிடித்தபடி என் அரசியல், நான் நிற்கிற இடத்தைப் பொறுத்தது. ஒஸ்லோவுக்குள் போகிற வீதிக் கட்டணக் கமரா மின்னியதும் நான் முன்னேற்றக் கட்சி. மழைக்காலத்தில் நிலக்கீழறையில் தண்ணீர் நின்றால் பசுமைக் கட்சி. ஆஸ்பத்திரியில் சில இரவுகள் படுத்து எழும்பி, ஒரு சதமும் கட்டாமல் வெளிக்கதவால் வந்தபோது நான் பழுத்த சோசலிஸ்ட். அங்கிருந்து கார் நிறுத்திய கட்டணம் கட்டுகிற மெசினுக்கு நடந்துபோகிற தூரத்துக்குள் வலதுசாரி ஆகிவிட்டேன்.

லாங்வன்ன ஏரியைச் சுற்றி மாலையில் நடக்கிற தமிழ் ஆண்கள் நாங்கள் கொஞ்சப்பேர் இருக்கிறோம். வைத்தியர் சொன்ன நடை. 2025 கோடை முழுக்கக் கதை சொத்து வரி. அந்த வருடக் கணக்கில் 17 இலட்சத்து 60 ஆயிரம் குரோணருக்கு மேல் நிகரச் சொத்து உள்ளவன்தான் அதைக் கட்ட வேண்டும். குடியிருக்கிற வீட்டை ஒரு கோடி வரை சந்தை விலையில் கால்வாசியாகத்தான் மதிப்பார்கள். வீட்டில் பாதிக்கு மேல் வங்கிக்குச் சொந்தமான எங்களில் ஒருவரையும் அந்த வரி எட்டிப்பார்க்காது. ஆனாலும் எங்களுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"பாவமடா, உழைச்ச மனுசர் எல்லாம் சுவிசுக்கு ஓடுறாங்கள்," என்றார், கழிவுவிலை ஒட்டிய கோழிக்காகக் கடை பூட்டுகிற நேரம் பார்த்துப் போகிற அண்ணை.

நானும் உச்சுக்கொட்டினேன். 2022இல் பெரும் பணக்காரரான ஷெல் இங்க ரெக்க லுகானோவில் போய்க் குடியேறியபோது, வரிதான் காரணம் என்று நாடே பேசியது. ஷெல்லுக்கு அஞ்சி நாங்கள் ஓடிவந்து சேர்ந்த நாட்டைவிட்டு, ஷெல் என்ற பெயர் உள்ளவரே ஓடிவிட்டாரே என்று எனக்கு அன்று பெரும் துக்கம். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். "அவர் எங்களை நினைச்சுத்தான் அங்க இருந்து அழுதுகொண்டிருப்பார்," என்றாள் மனைவி.

உதவிப்பணம் பற்றியும் என்னிடம் உறுதியான கொள்கை உண்டு. இந்த நாட்டில் சனம் சும்மா இருந்து அரசாங்க உதவி அலுவலகமான 'நாவ்' தருகிற காசில் சாப்பிடுகிறது, அது நாட்டைக் கெடுக்கும் என்பது அதன் சுருக்கம். பிறந்தநாள் வீடு, சாமத்தியவீடு என்று எங்கு கதிரை கிடைத்தாலும் இதை விரித்துச் சொல்வேன். 2006இல் வேலை அலுவலகம், காப்புறுதி அலுவலகம், கொமூனின் சோசியல் கந்தோர் மூன்றையும் ஒரு கூரைக்குள் கொண்டுவந்த சீர்திருத்தத்தில் என்ன பிழை என்றும் சொல்வேன். ஆரும் கேட்பதில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் கொள்கையைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

போன வருடம் ஒரு சாமத்தியவீட்டில் இப்படி நான் உச்சத்தில் நின்றபோது, மகள் தட்டோடு பக்கத்தில் வந்து இருந்தாள். அரசறிவியல் படிக்கிற பிள்ளை. "அப்பா, நீங்கள் முதுகு நோவெண்டு மூண்டு மாசம் வீட்டில இருந்தனீங்கள் எல்லோ, அப்ப சம்பளம் வந்ததோ?"

வந்தது. முதல் நாளிலிருந்து முழுச் சம்பளம், ஒரு வருடம் வரை தருவார்கள். முதல் 16 நாள் முதலாளி, பிறகு நாவ். "அது உதவியில்லைப் பிள்ளை, அது உரிமை. நான் வரி கட்டுறனான்," என்றேன்.

"தம்பிக்கு வாற பிள்ளைக் காசு?" 2025 மே மாதத்திலிருந்து 18 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் மாதம் 1,968 குரோணர் வந்தது. "அது அம்மாவின்ர கணக்குக்குப் போறது. எனக்குத் தெரியாது."

"பின்மார்க்கில மீன் வெட்டேக்க?" அந்த வட கோடியில் குடியிருப்பவர்களுக்கு 1990இலிருந்து வருமான வரிச் சலுகை. "அது குளிருக்குத் தாறது," என்றேன். மேசையில் இருந்தவர்கள் இப்போதுதான் முதற்தடவையாக என் கொள்கையைக் கவனமாகக் கேட்டார்கள்.

எனக்கு உண்மையில் வயிறெரிகிற உதவி ஒன்று உண்டு. மகள் பார்ணஹாக என்கிற பாலர் பாடசாலைக்குப் போன காலத்தில் மாதம் 2,330 குரோணர் எண்ணிக் கட்டினேன். 2025 ஆகஸ்டிலிருந்து உச்சக் கட்டணம் 1,200. என் பிள்ளைகள் மீசையும் கொள்கையும் முளைத்து நிற்கிறபோதுதான் இவர்களுக்கு இரக்கம் பிறக்கிறது. பழைய காசைத் திருப்பித் தருகிற கட்சி ஏதும் இருந்தால் நிரந்தரமாகச் சேர்ந்துவிடுவேன்.

எண்ணெய் நிதியில் 20 இலட்சம் கோடி குரோணருக்கு மேல் கிடக்கிறது. 56 இலட்சம் சனத்துக்குப் பிரித்தால் தலைக்கு 35 இலட்சத்துக்கு மேல். எங்கள் வீட்டில் நாலு தலை. ஆனால் 2017இலிருந்து வருடத்துக்கு மூன்று வீதம்தான் எடுக்கலாம் என்று கட்டுப்பாடு. அதற்கு முன் நாலு. மாமனார் என் மனைவியின் சீதனக் காசை வங்கியில் அவள் பெயரில் போட்டு, வட்டியை மட்டும் தொடலாம் என்று எழுதிவைத்ததைப் போன்ற ஏற்பாடு. இரண்டிலும் முதலைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற உரிமை மட்டும் எனக்கு உண்டு.

இந்த நிலையில்தான் மகள் ஓயாவுக்குப் போகப்போகிறேன் என்றாள். ஒஸ்லோவின் பெரிய கோடை இசைத் திருவிழா. 1999இல் சான்ட்விக்காவுக்குப் பக்கத்துக் கல்வோயா தீவில் தொடங்கி, நகரத்துக்குள் வந்து, 2014இலிருந்து தெய்யன் பூங்காவில் நடக்கிறது. ரிக்கற் விலையைக் கேட்டுக் கதிரையைப் பிடித்தேன். "நாலு நாள் புல்லில நிண்டு நனையிறதுக்கா இவ்வளவு காசு?"

"போகலாமோ விடலாமோ எண்டு நாங்களும் கதைக்கிறம்தான், அப்பா," என்றாள். எனக்கு மனம் குளிர்ந்தது. "கே.கே.ஆர். பிரச்சினை இருக்குதெல்லோ."

கே.கே.ஆர். என்றால் எனக்குத் தெரிந்தது சாருக் கானின் கொல்கத்தா கிரிக்கெட் அணி. அவர்களுக்கு ஒஸ்லோவில் என்ன வேலை என்று கேட்டேன். மகள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினாள். ஓயாவின் உரிமையாளரான நிறுவனத்தை 2024இல் கே.கே.ஆர். என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் வாங்கிவிட்டது. அதற்கு இஸ்ரேலில் உள்ள முதலீடுகளைக் காட்டி, விழாவைப் புறக்கணிக்க வேண்டும் என்று பிள்ளைகள் வாதாடுகிறார்கள். விழாக்காரரே அந்த உரிமையாளரிடமிருந்து தங்களை விலக்கி அறிக்கை விட்டிருக்கிறார்கள்.

"அப்ப போகாதை! கொள்கைதான் முக்கியம்," என்றேன், ரிக்கற் விலையை மனதில் கழித்தபடி.

"உங்கட எண்ணெய் நிதி, உலகத்துப் பங்குச்சந்தைக் கம்பனி எல்லாத்திலயும் சராசரியா ஒண்டரை வீதம் வைச்சிருக்குது. அதில உங்கட 35 இலட்சத்தையும் வேண்டாமெண்டு எழுதிக் குடுங்கோவன்."

அந்தப் பணத்தை நான் கண்ணால் கண்டதேயில்லை. இருந்தாலும் அதை எழுதிக் கொடுக்கிற யோசனை வயிற்றைப் பிசைந்தது. பேச்சை இசைக்கே திருப்பினேன். எங்கள் இசை நிகழ்ச்சிகளில் எவ்வளவு ஒழுங்கு, எவ்வளவு பண்பாடு! சென்னையிலிருந்து தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள். நகைக்கடை விளம்பரம், அனுசரணையாளருக்குப் பொன்னாடை, தலைவர் உரை, உப தலைவர் உரை எல்லாம் முடிந்து இரண்டு மணித்தியாலம் பிந்தித் தொடங்கும். ஒலிவாங்கி அலறும். ஆனாலும் இளையராஜா பாட்டு ஒன்று வந்தால் நான் அழுதுவிடுவேன். முன்வரிசைக்கு நான் கொடுத்த விலையை மகள் எங்கிருந்தோ தெரிந்துவைத்திருந்தாள். ஓயா ரிக்கற்றைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. "எங்களுக்குக் குறைஞ்சது மழையாவது இலவசம்," என்றாள்.

என்னைக் கேட்டால் உத்தமமான விழா மேளாதான். 2001இல் தொடங்கியது, ஆகஸ்டில் ஒஸ்லோ நகரசபைச் சதுக்கத்தில் நடக்கிறது. பாகிஸ்தான் கவ்வாலி, பஞ்சாபி மேளம், ஆபிரிக்கத் தாளம் என்று எல்லாம் உண்டு. கலைத்தரம் பற்றி நான் விரிவாகச் சொல்வேன். வாசல் கட்டணம் இல்லை என்பதை மனைவி சுருக்கமாகச் சொல்லிவிடுவாள்.

கடைசியில் மகள் ஓயாவுக்குத் தொண்டராகப் பெயர் கொடுத்தாள். குப்பை பிரிக்கிற வேலை, பதிலுக்கு வாசல் அனுமதி. வீட்டில் ஒரு நாளும் குப்பை பிரித்தறியாத பிள்ளை. இதைச் சுட்டிக்காட்டியதும் அவள் கல்விக் கடன் கணக்கை எடுத்தாள். பெற்றோரைவிட்டுத் தனியே இருந்து படித்துச் சித்தியடைகிறவர்களுக்குக் கடனில் 40 வீதம் வரை கொடையாக மாறும். வீட்டில் இருந்து படித்தால் முழுவதும் கடன். "உங்களோட இருக்கிறதுக்கு நான் தண்டம் கட்டுறன், அப்பா." சோறு, கறி, தோய்த்த உடுப்பு, வாடகை என்று ஒரு பதிற்கணக்குப் போட வாய் திறந்தேன். மனைவி, "தோய்ச்சது ஆர் எண்டும் சேத்துச் சொல்லுங்கோ," என்றாள். மூடிவிட்டேன்.

2025 செப்டெம்பர் 8ஆம் திகதி நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. அதற்கு முந்திய கிழமைகளில் கட்சிகள் எல்லாம் கூடாரம் அடித்துக் கோப்பியும் வாப்பிளும் கொடுத்தன. ஜனநாயகத்தில் நான் தீவிர நம்பிக்கையுள்ளவன், ஒரு கூடாரத்தையும் விடவில்லை. தொழிற்கட்சி தந்த சிவப்பு ரோசா சாமி அறையில் பிள்ளையாருக்குப் போனது. 169 ஆசனங்களில் தொழிற்கட்சிக்கு 53. முன்னேற்றக் கட்சி 21இலிருந்து 47க்குப் பாய்ந்தது. இடதுசாரி அணி 88, வலதுசாரி அணி 81. ஸ்டோர பிரதமராகத் தொடர்ந்தார். "நான் அப்பவே சொன்னனான்," என்றேன். எந்த முடிவு வந்திருந்தாலும் நான் அப்பவே சொல்லியிருந்தேன்.

நாடாளுமன்றத் தேர்தலில் எனக்குப் பெரிய பிடிப்பில்லை. கொமூன் தேர்தல்தான் எங்களுக்குத் தோதானது. ஒரு கட்சியின் பட்டியலை எடுத்து, வேறு கட்சிகளில் நிற்கிறவர்களின் பெயரையும் அதில் எழுதலாம். எந்தக் கட்சியில் நின்றாலும் எங்கட பிள்ளை எங்கட பிள்ளைதான். கொள்கைகளை அவர்கள் சபைக்குள் போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

அடுத்தது 2027இல். இப்போதே ஆள் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். போன ஞாயிறு தெரிந்த தம்பி ஒருவர் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, பட்டியலின்ர அடியில ஒரு பேர் குறையுது. வெல்லுற இடமில்லை, பயப்பிடாதையுங்கோ. உங்களுக்கு அரசியல் நல்லாத் தெரியும் எண்டு எல்லாரும் சொல்லுகினம்." தொண்டையைச் செருமி, பொதுவாழ்க்கையின் சுமை பற்றி இரண்டு வசனம் சொல்லி, சம்மதித்தேன்.

மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். செய்தியைச் சொன்னதும் கத்தியை வைத்துவிட்டுச் சந்தோசமாகத்தான் பார்த்தாள். "நல்லது. எந்தக் கட்சி?"

தம்பிக்குத் திருப்பி எடுத்தேன். அழைப்பு வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஆளைப் பிடிக்க முதல் பிடித்துவிட வேண்டும் என்று இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.