நாய்க்குப் பொருத்தமான கோழி

வீட்டில் நாய் இருக்கும்போது எந்தக் கோழி வளர்க்கலாம் என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல எனக்குத் தாராளமாகத் தகுதி உண்டு. எதையெல்லாம் வளர்க்கக் கூடாதோ, அதையெல்லாம் வாங்கி வளர்த்துப் பார்த்தவன் நான்.

எங்கள் பெரார்கஞ்ச், 1923 முதல் 1931 வரை இந்த அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குத் தலைமை ஆணையராக இருந்த ஃபெரார் துரையின் பெயரைத் தாங்கிய ஊர். துரைக்கு வண்ணத்துப்பூச்சி சேகரிப்பதில் பெரும் பித்து. நானும் ஓய்வுக்குப் பிறகு அப்படி ஏதாவது பிடித்துக்கொண்டிருக்கலாம். பாக்கும் தென்னையுமாகக் கொஞ்சம் இடம் கையில் இருக்கவே, கோழி ஆசை வந்தது. மணி, வெள்ளையன் என்று இரண்டு நாட்டு நாய்கள் அதற்கு முன்பே வீட்டில் இருந்தன.

"நாய் இருக்கிற வீட்டில் கோழியா?" என்றாள் மனைவி. நான் விடவில்லை. "பைரவருக்கு நாய் வாகனம். முருகனுக்குச் சேவல் கொடி. அப்பன் பிள்ளை ஒரே குடும்பம். அங்கே ஒத்துப்போகவில்லையா?" என்றேன். "அந்த வீட்டில் யாரும் முட்டைக் கணக்குப் பார்ப்பதில்லை" என்றாள்.

ஜாதகம் பார்ப்பதுபோல நோட்டுப் போட்டு, கட்டம் கட்டி, கோழிகளுக்குப் பொருத்தம் பார்க்க உட்கார்ந்தேன். முதல் பொருத்தம் வனராஜா. ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிலையம் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய இனம். கால் நீளம், உடம்பு அவ்வளவு கனமில்லை, அதனால் எதிரி வந்தால் ஓடித் தப்பித்துவிடும் என்று போட்டிருந்தார்கள். அந்த வரிக்குச் சிவப்பு மையால் கோடு போட்டேன். பிற்பாடு வந்த வினையெல்லாம் அந்த வரியிலிருந்துதான் வந்தது.

குஞ்சுகள் பஞ்சாரத்துக்குள் இருந்தவரை நாய்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பார், எவ்வளவு பண்பு" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன். வளர்ந்த பிறகு திறந்துவிட்டேன். அப்புறம் கோழி குறைய ஆரம்பித்தது. உடும்பு என்று உடனே தீர்ப்பு எழுதினேன். அந்தமானில் நீர் உடும்பு ஆள் நீளத்துக்கு வளரும், கோழியும் முட்டையும் அதற்குப் பலகாரம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அதைத் தொட முடியாது என்பதால், அக்கம்பக்கத்தில் நின்று சட்டத்தையே திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மத்தியானம் மணி திண்ணையில் வந்து படுத்தான். அவன் மூக்கோரத்தில் ஈரத்தோடு ஒரு செம்பழுப்பு இறகு ஒட்டியிருந்தது. தும்மினான், இறகு பறந்து என் செருப்பின் மேல் விழுந்தது. "உடும்போடு சண்டை போட்டுக் காப்பாற்றப் பார்த்திருக்கிறான், பாவம்" என்றேன். மனைவி பதில் சொல்லவில்லை. அன்றைக்கு ரசம் மட்டும்தான்.

நாய்க்குள் ஓநாயின் வேட்டை வரிசை அப்படியே இருக்கிறது: உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கிழிப்பது. ஆடு மேய்க்கும் இனங்களில் துரத்துவதோடு நிற்கும்படி தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்திருக்கிறார்கள். எங்கள் மணியை யார் பொறுக்கினார்கள்? அவனாக வந்தான். எதிரே ஒன்று சிறகடித்து ஓடினால் அந்த வரிசை தானாகத் தொடங்கிவிடும். பசி இருக்க வேண்டியதில்லை. ஓடித் தப்பும் கோழி என்று தேடித் தேடி வாங்கியவன், நாய்க்கு நல்ல பந்தயமாகப் பார்த்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அந்தமானில் 1858-இல் கைதிக் குடியிருப்பு வருவதற்கு முன்பு நாயே கிடையாது. வந்த பிறகு ஓங்கே பழங்குடி மக்கள் அதைப் பன்றி வேட்டைக்குப் பழக்கிக்கொண்டார்கள். இன்றைக்கும் தெருநாய்கள் கடற்கரையில் ஆமை முட்டையைத் தோண்டித் தின்கின்றன. இப்படிப்பட்ட பரம்பரையில் வந்த பிராணி, என் கோழியைப் பார்த்துக் கொட்டாவி விட வேண்டும் என்று எதிர்பார்த்தேன்.

அடுத்து கின்னிக்கோழி. ஆப்பிரிக்கப் பறவை, ஆபத்து வந்தால் ஊரைக் கூட்டும், மரத்தில் அடையும், நாய்க்கு எட்டாது. நோட்டில் எல்லாக் கட்டத்திலும் சரி. ஊரைக் கூட்டியது உண்மை. பாக்கு மட்டை விழுந்தால் கத்தல், டிரங்க் ரோட்டில் பஸ் போனால் கத்தல், நான் கொல்லைப்பக்கம் போனால் கத்தல். அது கத்தினால் நாய்களும் சேர்ந்து குரைக்கும். முட்டையைப் புதரில் ஒளித்து இடும். எனக்குத் தெரியாத இடம் வெள்ளையனுக்குத் தெரியும். அடை உட்கார்ந்தால் 26 முதல் 28 நாள், அதையும் தாண்டிப் பொரித்த குஞ்சுக்கு ஈரம் ஆகாது. ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் ஈரம் ஆகாத குஞ்சு! மிஞ்சியவை வேலி தாண்டிப் பறந்து போயின.

முட்டை தின்னும் நாய்க்கு, முட்டைக்குள் மிளகாய்ப்பொடி அடைத்து வைக்கச் சொன்னார் ஒருவர். அடைக்கும்போது நான்தான் தும்மி, கண்ணைக் கசக்கி, அரை நாள் படுத்தேன். வெள்ளையன் அந்த முட்டையைத் தின்றுவிட்டு, இன்னொன்று உண்டா என்று பார்த்தான்.

கூஸ் வாத்து கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கி.மு. 390-இல் ரோமாபுரிக் கோட்டைக்குள் எதிரி ஏறியபோது நாய்கள் தூங்கிவிட்டன, வாத்துகள் கத்திக் காப்பாற்றின என்பார்கள். பிறகு ஆண்டுதோறும் வாத்தைப் பல்லக்கில் ஏற்றி, நாயைத் தண்டித்தார்களாம். எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய அதுதான் நடந்தது. நாய்கள் வாத்துக்குப் பயந்து கட்டிலுக்கடியில் படுத்தன. தபால்காரர் வேலிக்கு வெளியே நின்றார். நானும் பின்வாசல் வழியாகத்தான் போய்வந்தேன். குளம் உள்ள ஒரு வீட்டுக்கு அதைத் தானமாகக் கொடுத்தேன்.

கடைசியில் ஒத்துப்போனது நிக்கோபாரி. பக்கத்துத் தீவுச் சரக்கு, என் நோட்டில் இடமே பெறாதது. குட்டைக் கால், அடக்கமான உடம்பு. ஆண்டுக்கு 140 முதல் 160 முட்டை வரை இடும். நாட்டு இனங்களில் இந்த அளவுக்கு இடுபவை அரிது. 2004 சுனாமியில் நிக்கோபாரில் ஏராளமாக அழிந்துபோன இனம் இது. போர்ட் பிளேரில் கராச்சர்மாவில் இருக்கும் மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இதைப் பேணிப் பெருக்கி வருகிறது. மணி கிட்டே போனால் அது ஓடுவதில்லை. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்துவிட்டு மறுபடி கிளறும். மணி என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பான். கூடவே ஒரு ஜோடி மணிலா வாத்தும் இருக்கிறது. ஆண் வாத்து இடத்தை விட்டு அசையாமல் சீறும். ஜப்பான்காரர்கள் இந்தத் தீவுகளைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் வந்ததாகச் சொல்லும் ஆப்பிரிக்க நத்தையில் சின்னதாகப் பார்த்துப் பொறுக்கித் தின்னும்.

இது என் தேர்வின் வெற்றி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். நடந்தது வேறு. நான் இனம் இனமாகப் படித்துக்கொண்டிருந்தபோது, மனைவி தினமும் காலையில் மணியைப் பஞ்சாரத்துக்குப் பக்கத்திலேயே கட்டிப் போட்டாள். கோழிக்குக் குருணை போட்ட பிறகுதான் அவனுக்குச் சோறு. கோழியை உற்றுப் பார்க்க ஆரம்பித்தால் "ஏய்" என்று ஒரு அதட்டல். முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஒரு துண்டு கருவாடு. துரத்தத் தொடங்கிய பிறகு அதட்டிப் பயனில்லை, பார்க்கும்போதே நிறுத்த வேண்டும் என்று எந்தப் புத்தகமும் இல்லாமல் அவளுக்குத் தெரிந்திருந்தது. எத்தனையோ கோழி இனங்களைத் தராசில் நிறுத்திய நான், நாயைப் பழக்க வேண்டும் என்று யோசிக்கவே இல்லை.

இப்போதும் கோழி படபடவென்று சிறகடித்தால் மணியின் காது நிமிரும். அதனால் ஆள் இல்லாத நேரத்தில் இரண்டையும் சேர்த்து விடுவதில்லை. பொழுது சாய்ந்தால் கோழிகள் பலகைக் கூண்டுக்குள் போய்விடும். உடும்பும் வரத்தான் செய்கிறது, அதன்மேல் நான் போட்ட பழி பாதிதான் பொய்.

பெரார்கஞ்ச் பக்கம் வருகிறவர்கள், உச்சி மரத்தில் புள்ளி போட்ட கோழி ஒன்று காரணமில்லாமல் கத்துவதைப் பார்த்தால், அது என்னுடையது. பிடிக்க முடிந்தால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.