வெங்காயத்தின் பங்காளி

கண்டியைச் சூழ்ந்த வீட்டு முற்றங்களில் புல்லோடு புல்லாகக் கிடந்து, பெருமழை ஓய்ந்த சில நாட்களில் இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ திடீரெனத் தலைநீட்டும் மழை லில்லி, செபிராந்தஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. பேரினம் என்பது நெருங்கிய உறவுடைய இனங்களை ஒரு வீட்டாராகக் கொள்ளும் பிரிவு; அத்தகைய வீடுகள் பல சேர்ந்த குலமே தாவரக் குடும்பம். இந்தக் குலத்தில் வெங்காயமும் பங்காளி என்பதுதான் சங்கடம்.

பேராதனைப் பூங்கா தோன்றிய அதே 1821ஆம் ஆண்டில், வில்லியம் ஹேர்பேட் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார் இப்பேரினத்துக்கு 'மேற்குக் காற்றின் மலர்' எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். அமெரிக்கக் கண்டங்களுக்குரிய இச்செடி அவருக்கு மேற்குத் திசையது. ஆயினும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பிக் குடை வாங்கும் கண்டியாருக்கே அப்பெயர் கச்சிதமாகப் பொருந்துகிறது.

நெடுங்காலம் லில்லிக் குடும்பத்தில் ஒண்டியிருந்த வெங்காயத்தை, மரபணு ஆய்வுகளைக் கொண்டு வகுத்த 2009ஆம் ஆண்டு முறை மழை லில்லியின் குடும்பத்தோடு சேர்த்தது. குடும்பப் பெயர்களில் மூத்ததே நிலைக்க வேண்டும் என்பது பொது விதி. வெங்காயக் குடும்பத்தின் பெயர் 1797இலும், அமரில்லிஸ் என்னும் பூச்செடியின் பெயரால் அமைந்த மற்றையது 1805இலும் பிறந்தவை. எனினும் சிறப்பு விலக்களித்து இளையதையே நிலைநிறுத்தினார்கள். உலகுக்கே சோறு போட்டவன் பெயர் போய், ரோமானியக் கவிஞர் வேர்ஜில் பாடிய ஆயர் பெண்ணின் பெயர் வாசலில் ஏறியது. சொத்துத் தகராறு கண்ட எவருக்கும் இதில் வியப்பில்லை.

சமையலறை மட்டும் இவ்வுறவை நம்பக் கூடாது. இரண்டின் குமிழும், அதாவது உணவைச் சேமித்து மண்ணுள் பருத்திருக்கும் பகுதியும், அடுக்கடுக்காகவே உரியும். ஆனால் மழை லில்லியின் குமிழில் லைகோரின் என்னும் நச்சு உண்டு, தின்றால் வாந்தியே மிஞ்சும். கண்ணைக் கரிக்கும் வெங்காய நெடி அதற்குக் கிடையாது. ஆகவே இனங்காண மூக்கே போதும்.

முளைவிட்ட வெங்காயமொன்றை மழை லில்லிச் சட்டியிலேயே ஊன்றிவிட்ட இக்கட்டுரையாளரின் வீட்டில், இந்த மூக்குப் பரிசோதனை அன்றாடக் கடமையாயிற்று. சட்டியில் முதற்பூ விரிந்த காலையில் அயலார் வந்து படம் பிடித்தனர். அதே சட்டியின் மறுபுறத்துத் தாள், மூவரால் முகர்ந்து பார்க்கப்பட்ட பின்னரே, முட்டைப் பொரியலுக்குள் போனது.