செகரட்டரியை மேய்ப்பது எப்படி?

அப்பா பீளமேட்டுப் பக்கம் ஒரு ஷெட்டில் தொடங்கிய பம்ப் செட் கம்பெனி வளர்ந்து, பங்குச் சந்தையில் லிஸ்ட் ஆகி, இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. ஃபவுண்டரி சூப்பர்வைசர் என்ன செய்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். கணக்கு எழுதுகிறவர், டிரைவர், வாட்ச்மேன் எல்லோருடைய வேலையும் தெரியும். மாடியில் ஏ.சி. ஒழுங்காக ஓடாத அறையில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் எதைச் சொன்னாலும் “சார், அதுல ஒரு சின்ன விஷயங்க…” என்று இழுக்கிறாரே கம்பெனி செகரட்டரி, அவரிடம் எப்படி வேலை வாங்குவது என்பதுதான் தெரியவில்லை. உங்களைப் போன்ற முதலாளிகளுக்காகவே இந்த வழிகாட்டி.

ஆளே வேண்டாம் என்ற யோசனையை முதலில் கைவிடுங்கள். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 203 விடாது. லிஸ்ட் ஆன கம்பெனி என்றால் முழுநேர செகரட்டரி கட்டாயம். “என் மச்சான் பிரைவேட் லிமிடெட்தானே வைத்திருக்கிறான், அவன் மட்டும் தப்பிக்கிறானே” என்று பொருமவும் வேண்டாம். செலுத்திய மூலதனம் 10 கோடியைத் தொட்டுவிட்டால் அவருக்கும் இதே கதிதான்.

சேர்ந்த முதல் வாரமே சேரன் எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட் போடச் சொல்லுங்கள். அடுத்து, சென்னையிலிருந்து வரும் விருந்தாளிக்கு ஹோட்டல் ரூம், பிறகு பையனின் பள்ளி அட்மிஷனுக்கு ஒரு கடிதம். இதில் உங்களுக்குப் பெரிய இடத்து ஆதரவு உண்டு. செகரட்டரி வெறும் ஏவலாள், சொன்னதைச் செய்வதைத் தவிர அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை என்று இங்கிலாந்தில் லார்ட் ஈஷர் என்ற நீதிபதியே கருதினார். அது 1887இல். 1971இல் அதே நாட்டில் வேறொரு வழக்கு வந்தது. ஒரு துணிக் கம்பெனியின் செகரட்டரி, வாடிக்கையாளர்களை அழைத்துவர வேண்டும் என்று சொல்லி ரோல்ஸ் ராய்ஸ், ஜாகுவார் கார்களைக் கம்பெனி பெயரில் வாடகைக்கு எடுத்து, தானே சவாரி போய்க்கொண்டிருந்தார். வாடகைப் பாக்கியைக் கம்பெனிதான் கட்ட வேண்டும் என்று லார்ட் டென்னிங் தீர்ப்பளித்தார். செகரட்டரி நிர்வாகத்தின் பெரிய அதிகாரி, அவர் கார் எடுத்தால் கம்பெனி எடுத்ததாகத்தான் வெளியாள் நம்புவான் என்பது காரணம். நீங்கள் 1887இலேயே இருங்கள். உங்கள் செகரட்டரி நல்லவராக இருக்கும்வரை ஆபத்தில்லை.

இனி போர்டு மீட்டிங். வருஷத்துக்கு நான்கு கூட்டமாவது நடத்த வேண்டும், இரண்டுக்கு நடுவே 120 நாளுக்கு மேல் போகக் கூடாது, 7 நாள் முன்பே நோட்டீஸ் போக வேண்டும் என்று அவர் காலண்டரோடு வந்து நிற்பார். கவனிக்காதீர்கள். “நாளைக்குக் காலையில பத்து மணி, எல்லாருக்கும் போன் போட்டுரு தம்பி” என்று சொல்வதுதான் முதலாளிக்கு அழகு. அவசர விஷயத்துக்குக் குறுகிய நோட்டீஸில் கூட்டம் போடலாம், ஆனால் சுயேச்சை இயக்குநர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பார். உங்கள் சுயேச்சை இயக்குநரான ரிடையர்டு பேராசிரியர் அன்றைக்குத்தான் பழனிக்குப் போயிருப்பார்.

டல்லாஸில் மகனோடு இருக்கும் பெரியப்பாவும் டைரக்டர்தான். 12 மாதம் ஒரு கூட்டத்துக்கும் வராவிட்டால், லீவு சொல்லியிருந்தாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, பதவி தானாகவே காலி என்கிறது பிரிவு 167. வீடியோவில் வந்து தலையைக் காட்டினாலே போதும், செகரட்டரி லிங்க்கும் அனுப்புவார். ஆனால் அங்கே நடுராத்திரியில் பெரியப்பாவை எழுப்ப யாருக்கு மனசு வரும்? வருகைப் பதிவேட்டைப் பொங்கலுக்கு அவர் ஊருக்கு வரும்போது நீட்டி, நான்கு கையெழுத்தையும் ஒரே பேனாவில் வாங்கிவிடுங்கள். நான்கு தேதியிலும் அவர் அமெரிக்காவில் இருந்தார் என்பதை அவருடைய பாஸ்போர்ட் சொல்லும். யார் பார்க்கப்போகிறார்கள்?

மினிட்ஸ் எழுதுவதில்தான் செகரட்டரிகளின் திமிர் முழுதாக வெளிப்படும். கூட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது, யார் நடுவில் எழுந்து போனார் என்று குறித்துக்கொண்டே இருப்பார். 15 நாளுக்குள் வரைவை எல்லா டைரக்டருக்கும் அனுப்புவார். திருத்தம் சொல்ல 7 நாள் தருவார். 30 நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றிவிடுவார். பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டிருக்கும். தாளை அச்செடுத்து ஒட்டக் கூடாது. ஏற்றியதை மாற்ற வேண்டுமென்றால் அடுத்த போர்டில் வைத்துச் சம்மதம் வாங்க வேண்டும். இவற்றில் பெரும்பகுதி, கம்பெனி செகரட்டரிகள் இன்ஸ்டிடியூட் வகுத்த எஸ்.எஸ்.-1 என்ற விதித் தொகுப்பில் இருக்கிறது. ஏதோ சங்கத்தின் அறிவுரை என்று தள்ள முடியாதபடி, பிரிவு 118 அதற்குச் சட்ட பலம் கொடுத்துவிட்டது.

உங்கள் உத்தி எளிமையானது. புது இடம் வாங்கும் தீர்மானத்தைப் பேராசிரியர் எதிர்த்தாரா? “எனக்கு உடன்பாடில்லை என்று பதிவு செய்யுங்கள்” என்றாரா? கூட்டம் முடிந்ததும் செகரட்டரியின் தோளில் கைபோட்டு, “அதெல்லாம் எதுக்கு தம்பி, ஒருமனதானு போட்டுக்கலாம்” என்று சொல்லுங்கள். அவர் தரையைப் பார்ப்பார். பிறகு, மினிட்ஸைத் திருத்திக் கெடுத்தால் இரண்டு வருஷம் வரை ஜெயில், 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம் என்பதைத் தன் சொந்தத் தவறு போல மெதுவாகச் சொல்வார். ஜெயிலுக்குப் போவது யார் என்று அப்போது கேட்டுவிடாதீர்கள்.

லாபக் கணக்கை ஏற்றுக்கொள்ளும் போர்டு மீட்டிங் அன்று விசேஷச் சாப்பாடு. வெளியே பிரியாணி வாசம் வந்ததும் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். செகரட்டரி மட்டும் லேப்டாப்பில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பார். சந்தை நேரத்தில் கூட்டம் முடிந்தால் 30 நிமிஷத்துக்குள் பங்குச் சந்தைக்குத் தகவல் ஏற வேண்டும், அதற்குப் பிறகு முடிந்தால் 3 மணி நேரம். அவரிடம் ஓடிக்கொண்டிருப்பது இந்தக் கடிகாரம். இதுதான் நல்ல சமயம். “ஏம்ப்பா, அந்தத் தயிர்ப் பச்சடி எங்க?” என்று குரல் கொடுங்கள்.

ரிசல்ட்டுக்கு முந்தைய வாரத்திலும் உங்களுக்கு ஒரு வேலை உண்டு. காலாண்டு முடிந்த நாளிலிருந்து ரிசல்ட் வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை நீங்களும் உங்கள் வீட்டாரும் கம்பெனி பங்கைத் தொடக் கூடாது என்று மெயில் அனுப்பியிருப்பார். கிளப்பில் சீட்டாடும்போது “இந்தத் தடவை லாபம் டபுள்” என்று சொல்லிவிட்டு வாருங்கள். கம்பெனி ரகசியம் யாருக்கு, எப்போது, எதற்காகப் போனது என்பதை பான் எண்ணோடு பதிந்துவைக்கும் டேட்டாபேஸ் ஒன்றை, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கேட்கிறது. பதிந்ததை அழிக்க முடியாது. சீட்டாடிய மூன்று பேரின் பான் எண்ணைக் கேட்டு அவர் வந்து நிற்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மாப்பிள்ளைக்குக் கம்பெனிக் காசில் கடன் கொடுக்க ஆசையா? டைரக்டரின் உறவினருக்குக் கடன் கூடாது என்கிறது பிரிவு 185. மீறினால் கொடுத்தவருக்கு மட்டுமல்ல, வாங்கிய மாப்பிள்ளைக்கும் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5 லட்சம் முதல் 25 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் காத்திருக்கிறது. சட்டத்தின் உறவினர் பட்டியலை நானும் படித்தேன். மனைவி, அப்பா, அம்மா, மகன், மருமகள், மகள், மாப்பிள்ளை, கூடப்பிறந்தவர்கள், கூட்டுக் குடும்பத்தார் இருக்கிறார்கள். மச்சானைக் காணோம்! நம் ஊரில் ஒரு சாதாரண மொய் நோட்டுகூட இப்படி மச்சானை மறக்காது. ஆனால் துள்ளிக் குதிக்காதீர்கள். நேரடியாகவோ மறைமுகமாகவோ கூடாது என்று அதே பிரிவில் ஒரு வரி இருக்கிறது. செகரட்டரி அதற்கு மஞ்சள் மார்க்கர் போட்டு வைத்திருப்பார்.

பொதுக்கூட்டத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. நாள் குறிக்கும் ஜோசியரிடம் காலை 9 முதல் மாலை 6க்குள் என்று சொல்லிவிடுங்கள். பிரம்ம முகூர்த்தத்துக்கு அனுமதி இல்லை. பங்குதாரர்களுக்கு எவர்சில்வர் டப்பா, ஸ்வீட் பாக்ஸ், கூப்பன் கொடுத்து அனுப்பிய காலம் நினைவிருக்கும். அதே இன்ஸ்டிடியூட்டின் எஸ்.எஸ்.-2 அதையும் நிறுத்திவிட்டது. பரிசும் கிடையாது, பரிசுக்குப் பதில் காசும் கிடையாது. இந்த ஒன்றில் மட்டும் நான் செகரட்டரிக்கு எதிர்க்கட்சி. கூட்டம் முடிந்து கணக்கையும் ஆண்டு ரிட்டர்னையும் கம்பெனிப் பதிவாளரிடம் ஏற்றத் தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். உச்சவரம்பு இல்லை. கடைசி நாளில் கையெழுத்துப் போட டோக்கனைத் தேடினால், அது உங்கள் கார் டேஷ்போர்டில் இருக்கும். இருக்கட்டும்.

இத்தனையையும் ஒழுங்காகச் செய்துவந்தால் ஒரு நாள் அவர் ராஜினாமாக் கடிதத்தோடு வருவார். பதவியை நிரப்பக் கம்பெனிகள் சட்டம் 6 மாதம் தருகிறது. லிஸ்ட் ஆன கம்பெனிக்கு செபி தருவது 3 மாதம். அடுத்து வருகிறவர் வேலையை ஒப்புக்கொள்ளும் முன் பழைய மினிட்ஸ் புத்தகத்தைக் கேட்டுப் படிப்பார். அதற்கும் முன்னால் இன்னொன்று நடக்கும். விலகும் செகரட்டரியின் ராஜினாமாக் கடிதம், அதில் அவர் எழுதிய காரணங்களோடு, அவர் விலகிய ஏழு நாளுக்குள் பங்குச் சந்தைக்குப் போக வேண்டும். அங்கே அதை உங்கள் பேங்க் மேனேஜரும் படிக்கலாம், சீட்டாடிய மூன்று பேரும் படிக்கலாம். ஆகவே அந்தக் கடிதத்தை மட்டுமாவது, “அதுல ஒரு சின்ன விஷயங்க” என்று அவர் தொடங்கும்போதே உட்கார்ந்து முழுதாகக் கேளுங்கள்.