ரிக்ரெட் சார்

அரக்கோணத்துச் சீசன் டிக்கெட்காரர்களில் பல ரகம். கைக்குட்டை விரித்துச் சீட்டாடுகிறவர்கள், திருவள்ளூர் வருமுன் குறட்டை விடுகிறவர்கள் எல்லோரையும் சகித்துக்கொள்ளலாம். இங்கிலீஷ் திருத்துகிறவரைத்தான் முடியாது. பிளாட்பாரம் அவருக்கு வைத்த பெயர் ரிக்ரெட் சார். சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்று எழுத, மற்றது அடுத்தவர் பேப்பரில் அடிக்கோடு போட.

வண்டி தாமதம், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று அறிவிப்பு வந்தால் எல்லார் முகமும் தொங்கும். இவர் முகம் மட்டும் மலரும்.

"என்ன தம்பி சொன்னாங்க? டீப்லி ரிக்ரெட்டட். அபாலஜின்னு சொன்னாங்களா?"

"ரெண்டும் ஸாரிதானே சார்?"

போச்சு. வாய் கொடுத்தவனுக்கு வண்டி வரும்வரை வகுப்புதான்.

"எதிர்வீட்டுக்காரர் செத்துட்டா வருத்தப்படுற பாரு, அது ரிக்ரெட். நீயே கொன்னிருந்தா அபாலஜி கேக்கணும். தமிழ்லயாவது 'வருந்துகிறோம்'னு யாரோ நாலு பேர் இருக்காங்க. இங்கிலீஷ்ல பாஸிவ் வாய்ஸ். அந்த நாலு பேரும் எஸ்கேப்!"

அங்கிருந்து உலக அரசியலுக்குத் தாவுவார். ஜாலியன்வாலா பாக் படுகொலையின் நூற்றாண்டில், 2019-இல், பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே பார்லிமென்ட்டில் வருத்தம்தான் தெரிவித்தார், மன்னிப்புக் கேட்கவில்லை. "நூறு வருஷத்துல ரிக்ரெட் வரைக்கும் வந்திருக்காங்க. அபாலஜி இன்னும் அவுட்டர்ல நிக்குது."

அபாலஜிக்கு அவரிடம் ஒரே உதாரணம்தான். 1956 நவம்பரில் அரியலூர் ரயில் விபத்து. பொறுப்பேற்று ரயில்வே மந்திரி பதவியை விட்டார் லால் பகதூர் சாஸ்திரி. "தண்டவாளத்த அரிச்சது வெள்ளம். நாற்காலிய விட்டது மனுஷன்!" இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும். இந்த ஒரு இடத்தில் நான் அவர் கட்சி.

மற்றபடி ஆராய்ச்சிக்கு எல்லையில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு இந்தப் பாதையில்தான் போனது. அன்று தாமதம் ஆகியிருந்தால் வெள்ளைக்காரன் எந்தச் சொல்லைப் போட்டிருப்பான் என்பது அவருடைய தற்போதைய கவலை.

ஒருநாள் ஏறும் நெரிசலில் என் கால் கட்டைவிரலை நன்றாக மிதித்தார்.

"ஐ ரிக்ரெட்" என்றார்.

"அபாலஜி இல்லையா சார்?"

"பின்னாலேர்ந்து தள்ளினது அவங்க, தம்பி!"

காலை லோக்கலில் நிற்கவே இடமிருக்காது. அதிலும் ஜன்னலோரப் பெரியவர் ஒருவரின் பக்கத்து சீட் மட்டும் காலியாகத் தெரிந்தால், அவர் பையில் இரண்டு பேனா இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.