டிராயர் இல்லாத மேசைகள்

கோவொர்க்கிங் இடம் ஒன்றை அமைத்துத் தரச் சொல்லிக் கூப்பிட்டால், காலி ஹாலுக்குள் நுழைந்ததும் முதலில் கைதட்டிப் பார்ப்பேன். கிண்டியிலும் ஓ.எம்.ஆரிலும் இப்போது எழும்பும் கட்டடங்களில் அந்தத் தட்டல் சுவருக்குச் சுவர் மோதிவிட்டுத்தான் அடங்கும். மூன்று பக்கம் கண்ணாடி, கீழே வழவழப்பான டைல், மேலே ஃபால்ஸ் சீலிங் இல்லாமல் ஏ.சி. குழாய்கள் தெரிய விட்ட கான்கிரீட். படத்தில் அழகாக இருக்கும். அங்கே நாற்பது பேர் ஒரே நேரத்தில் போனில் பேசினால் என்ன ஆகும் என்பதைப் படம் சொல்லாது.

பலர் சேர்ந்து உட்காரும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதை நான் தெரிந்துகொண்டது தம்புச் செட்டித் தெருவில். எண்பதுகளில் பெரியப்பாவின் சேம்பர் அங்கே ஒரு மாடியில் இருந்தது. பள்ளி விடுமுறையில் வழக்குக் கட்டுகளை எண் வரிசைப்படி அடுக்க என்னைக் கூட்டிப் போவார். ஐந்து வக்கீல்கள் வாடகையைப் பங்கு போட்டுக்கொண்ட ஒரே அறை. ஒரு குமாஸ்தா, ஒரு டைப்பிஸ்ட் அக்கா. இருவரும் ஐவருக்கும் பொது. கூரை மெட்ராஸ் டெரஸ்: தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லை நிறுத்தி வைத்துக் கட்டியது. உயரம் 14 அடி இருக்கும். சுவரோரம் தரையிலிருந்து கை எட்டாத உயரம் வரை மர அலமாரிகள். அவற்றில் 1891-இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னலின் பைண்டு தொகுதிகள். அவற்றுக்கும் மேலே, நாடாவால் கட்டிய வழக்குக் கட்டுகள்.

சாயங்காலம் கோர்ட் முடிந்து கட்சிக்காரர்கள் வந்து நிறைவார்கள். ஒரு மூலையில் பாகப்பிரிவினை, இன்னொரு மூலையில் ஜாமீன் மனு. இருந்தும் பக்கத்து மேசைப் பேச்சு வார்த்தை வார்த்தையாகக் காதில் விழாது. ஏன் என்பது இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு விளங்கியது. காகிதமும் துணியும் சத்தத்தை விழுங்குபவை. ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக நிற்கும் புத்தக முதுகுகள், விழுங்காமல் விட்டதைச் சிதறடித்துவிடும். மிச்சத்தை மின்விசிறியின் இரைச்சலும் டைப்ரைட்டரும் மூடின. வேலை செய்பவரை அதிகம் கலைப்பது பெரிய சத்தம் அல்ல, புரியும் பேச்சு. சீராக ஓடும் இரைச்சலை மனம் ஒதுக்கிவிடும். பக்கத்துச் சீட்டில் ஒருவர் வங்கிக் கடனைப் பற்றிப் பேசினால் ஒதுக்க முடியாது.

இன்று சத்தமில்லாத ஏ.சி.யைப் போடுகிறோம். அதனால் 20 அடி தள்ளிப் பேசுவதும் தெளிவாகக் கேட்கிறது. அதை மறைக்க, விசிறி இரைச்சல் போன்ற ஒலியைப் பரப்பும் ஸ்பீக்கர்களைக் கூரையில் பொருத்துகிறோம். பழைய பிளாஸ்டிக் பாட்டில்களை உருக்கிச் செய்த ஃபெல்ட் பலகைகளைச் சுவரில் ஒட்டுகிறோம். போன் பேசக் கண்ணாடிக் கூண்டுகள் வாங்குகிறோம். காகிதமும் மின்விசிறியும் தாமாகச் செய்த வேலைக்கு இப்போது தனித்தனி பில். அந்தச் செலவு தேவை என்றே சொல்வேன். ஆனால் பட்ஜெட் இடித்தால் இடத்தை நடத்துபவர்கள் முதலில் வெட்டுவது அதைத்தான். அதை வெட்டாமலிருக்க ஒவ்வொரு வேலையிலும் வாதாடுகிறேன்.

பழைய அறை எல்லாவற்றிலும் மேல் என்றும் சொல்ல மாட்டேன். டைப்பிஸ்ட் அக்காவுக்கு அந்த மாடியில் கழிப்பறை கிடையாது. தெரிந்தவர் கடைக்குப் பின்னால் போய் வருவார். கோடையில் தண்ணீரே குறைவாகக் குடித்தார். தனியாகத் தொழில் தொடங்கும் ஒரு பெண்ணால் இன்று மாத வாடகை கொடுத்து, சுத்தமான கழிப்பறையும் கேமராவும் காவலாளியும் உள்ள இடத்தில் இரவு 9 மணி வரை உட்கார முடிகிறது. இது பெரிய மாற்றம். இந்த வேலையை நான் விரும்பிச் செய்வதற்கு அதுவே முதல் காரணம்.

கோவொர்க்கிங் தொடங்கியதும் தனியாக உட்கார முடியாத ஒருவரால்தான். 2005-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபர்க் என்ற மென்பொருள்காரர், ஸ்பைரல் மியூஸ் என்ற வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் மடக்கு மேசைகளைப் போட்டு வைத்தார். சாயங்காலம் அவற்றை மடித்துவைக்க வேண்டும். நிறுவனத்தில் கட்டுண்டு கிடக்காத சுதந்திரமும் வேண்டும், கூட நாலு பேரும் வேண்டும் என்பதே அவருடைய தேவை. வீவொர்க் 2010-இல் வந்து, 2023 நவம்பரில் அமெரிக்காவில் திவால் மனு கொடுக்கும் அளவுக்குப் பெரிதாக வளர்வதற்குள், அந்த மேசை இருக்கைக் கணக்காகிவிட்டது. இப்போது என்னிடம் வருபவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "மொத்தம் எத்தனை சீட் வரும்?"

அந்தக் கணக்கில் முதலில் காணாமல் போனது டிராயர். பெரியப்பாவின் மேசை அகலமான தேக்கு மேசை. வலப்பக்கம் மூன்று டிராயர், பித்தளைப் பூட்டு. உள்ளே கழுத்துப் பட்டை, ரத்த அழுத்த மாத்திரை, வடபழனி விபூதிப் பொட்டலம், எங்கள் அக்காவின் கல்யாணப் புகைப்படம். அறை ஐவருக்கும் பொது, டிராயர் அவருடையது. இன்று 4 அடிக்கு 2 அடிப் பலகைகளை வரிசையாகக் கோக்கிறோம். யாரும் எங்கும் உட்காரலாம் என்பதால் டிராயர் கிடையாது. லாக்கர் எங்கோ கதவோரம். பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, கழிப்பறைக்கும் லேப்டாப்பைத் தூக்கிப் போகிறவர்களைப் பார்க்கிறேன். எதையும் விட்டுவிட்டு எழுந்து போக முடியாத இடம், எப்படி ஒருவருடைய இடமாகும்?

உயரமும் அப்படியே. மேசைகள் கேட்லாக் அளவில் 75 செ.மீ. உயரத்தில் வருகின்றன. 5 அடி உயரமுள்ள பெண் அதற்கேற்ப நாற்காலியை ஏற்றினால் கால் தரையைத் தொடாது. பழைய மேசைகளுக்கு அடியில் கால் வைக்கக் குறுக்குக் கட்டை இருந்தது. நான் போடும் மேசைகளில் அதைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். செலவு மிகக் குறைவு.

இப்போது வேளச்சேரியில் ஒரு வேலை. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கூரை வரை அலமாரி, ஒன்றரை அடி ஆழம். மேல் தட்டுகளில் அங்கே வேலை செய்பவர்களின் சொந்தப் புத்தகங்கள், கோப்புகள். அடியில் பூட்டோடு கூடிய சக்கர டிராயர்கள், காலையில் உருட்டிக்கொண்டு போய் எந்த மேசையிலும் சேர்த்துக்கொள்ளலாம் என்று வரைந்து கொடுத்தேன். இடத்தைக் குத்தகைக்கு எடுத்த இளைஞர் உடனே கணக்குப் போட்டார்.

"மேடம், ஆறு சீட் போயிடுதே."

"போகட்டும் தம்பி. மத்தவங்க ரெண்டு மாசத்துல காலி பண்ணாம இருப்பாங்க இல்லையா?"

"அதை என் பார்ட்னர்கிட்ட எப்படிச் சொல்றது?"

பாதிச் சுவருக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பாதியில் வெறும் கண்ணாடி. ஆறு மாதம் கழித்து எந்தப் பக்கத்து மேசைகள் நிரம்பியிருக்கின்றன என்று பார்த்து முடிவெடுப்பதாகப் பேச்சு. இந்த வாரம் ஆசாரியிடம் பிளைவுட் கணக்கும் பூட்டுக் கணக்கும் கொடுத்துவிட்டேன்.