உந்துக் காரணி ஐந்து, இழுக் காரணி ஐந்து

மனிதர் எங்கே குடியேறினர், ஏன் அங்கே குடியேறினர், பிறகு எதனால் கிளம்பிப் போயினர் என்பவற்றை ஆராயும் துறை மானிடப் புவியியல் எனப் பாடநூல்கள் வரையறுக்கின்றன. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மட்டும் அது ஒரே தாளின் இருபுறமும் மைக்ரோ ஜெராக்ஸில் அடங்கிவிடும் துறையாகச் சுருங்கிப்போகிறது. கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் இந்தத் தேர்வுப் பருவத்தில் கைமாறிக்கொண்டிருக்கும் அத்தகைய தாள் ஒன்றில், ‘இடப்பெயர்வு’ என்ற தலைப்புக்கு நேரே மூன்று நட்சத்திரக் குறிகள் இடப்பட்டு, சுரங்கத்தொழிலை நாடி மக்கள் திரண்ட இடத்துக்கு எடுத்துக்காட்டாக ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பகுதி காட்டப்பட்டுள்ளது. ஜெராக்ஸ் கடையை விட்டுச் சற்றுத் தூரம் நடந்தால் சயனைடு மேடுகள் கண்ணில் படும் ஊரில், எடுத்துக்காட்டு தேடி ஜெர்மனி வரை போய்வந்தவரின் உழைப்பு வியப்புக்குரியது.

பாடநூலிலிருந்து இத்தகைய தாள் பிறக்கும் முறை, தங்கம் பிரித்த முறையையே ஒத்தது. பாறையை உடைத்து மாவாக்கி, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்தெடுத்து, எஞ்சிய மண்ணை ஊரோரம் கொட்டிக் குன்றுகளாக்கினர். அவ்வாறே பாடநூல் கைடாகவும், கைடு முக்கிய வினாக்களாகவும், முக்கிய வினாக்கள் ஒரு தாளாகவும் அரைபடுகின்றன. நட்சத்திரக் குறி பெறுவது பெரும்பாலும் எஞ்சிய மண்தான் என்பதே வேறுபாடு. இக்குறையை நீக்கும்பொருட்டு, முக்கியக் கருத்துகளை இங்கே முறைப்படி எடுத்துரைத்து, பத்து மதிப்பெண்ணுக்குரிய மைய இடக் கோட்பாட்டில், அதாவது ஊர்களின் சந்தை எல்லைகள் அறுகோணங்களாக அமையும் என்று வால்டர் கிறிஸ்டாலர் 1933இல் முன்வைத்த கோட்பாட்டில், முடிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவது, இயற்கையே மனிதனை ஆட்டிவைக்கிறது என்னும் நியதிவாதமும், இயற்கை வாய்ப்புகளை முன்வைக்க மனிதன் தேர்ந்துகொள்கிறான் என்னும் சாத்தியவாதமும் ஆகும். முன்னதற்கு ராட்செல், பின்னதற்கு விடால் தெ லா பிளாஷ் என இரு பெயர்களை எழுதினால் போதும். எழுத்துப்பிழை நேர்ந்தாலும் திருத்துபவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

இரண்டாவது, மேற்கண்ட இடப்பெயர்வு. புலம்பெயர்வின் விதிகளை ராவென்ஸ்டீன் 1885இல் வகுத்தார். ஓரிடத்தை விட்டுத் துரத்துபவை, வேறோரிடத்துக்கு அழைப்பவை, இடையில் மறிக்கும் தடைகள் என்று எவரெட் லீ 1966இல் விரித்துரைத்தார். தடைகளுக்குத் தாளில் இடமில்லாததால் அவை நீக்கப்பட்டு, உந்துக் காரணி ஐந்து, இழுக் காரணி ஐந்து என்ற அட்டவணை மட்டும் நிலைபெற்றுள்ளது. நடுவே பென்சிலால் கோடு போடப்பட வேண்டும். கோடு கோணினால் அரை மதிப்பெண் குறையும் என்பது மாணவரிடையே வழங்கும் ஐதீகம்.

இடப்புற நிரலில் வறட்சி, பஞ்சம், வேலையின்மை, மக்கள்தொகைப் பெருக்கம், போர் என்று வரும். போர் நடக்காத வட்டாரமாயினும் ஐந்து நிறைய வேண்டுமாகையால் போர் நடந்தே தீர வேண்டும். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தென்னிந்தியாவைச் சூறையாடியதும், 1880இல் ஜான் டெய்லர் சுரங்க நிறுவனம் தங்கவயலில் கால்வைத்ததும், வட ஆர்க்காட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்ததும் இந்நிரலுக்குப் பொருத்தமாகவே உள்ளன. வந்தவர்களில் பெரும்பாலோர் சேரியிலிருந்து வந்தவர்கள் என்பதும், பஞ்சம் தீர்ந்த பிறகும் அவர்கள் ஊர் திரும்ப விரும்பாததற்கு மழையோடு தொடர்பற்ற காரணம் ஒன்று உண்டு என்பதும் மட்டும் எந்த நிரலிலும் இல்லை. சாதி என்று எழுதினால் ஆறாவதாகிவிடுமாம். எனவே அது ‘இதர சமூகக் காரணிகள்’ என்று அடைப்புக்குறிக்குள் உட்கார வைக்கப்பட்டுள்ளது.

வலப்புற நிரலில் ‘மின்வசதி’ என்று ஒன்று. சிவனசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, பெங்களூரில் விளக்கு எரிவதற்கு மூன்றாண்டு முன்பே, 1902இல் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது உண்மை. அது இயந்திரங்களுக்காக வந்தது, தொழிலாளரின் லைன் வீடுகளின் தட்டிச் சுவர்களைப் பார்க்க வந்ததன்று. ‘சிறந்த வேலைவாய்ப்பு’ என்று மற்றொன்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பிற்காலத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்துப் பாறை கைவைக்க முடியாத சூடு கொண்டது. போதாக்குறைக்கு அழுத்தம் தாங்காத பாறை திடீரென வெடித்துச் சிதறும் ‘ராக் பர்ஸ்ட்’ வேறு. ஊரிலிருந்து ஆள் சேர்த்து வந்த மேஸ்திரியை எந்தப் பக்கம் எழுதுவது, முதலில் வந்து நிலைத்துவிட்டு அடுத்த பொங்கலுக்குப் புது வேட்டியோடு ஊருக்குப் போய் நின்ற மச்சானை எந்தப் பக்கம் எழுதுவது என்பவற்றுக்குத் தாளில் விடையில்லை. சுரங்கங்கள் நொடித்துப்போனதால் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து கப்பலேறி வந்தவரையும், குடியாத்தம் பக்கத்திலிருந்து மூட்டையோடு நடந்து வந்தவரையும் இந்த அட்டவணை ‘வேலை தேடி வந்தோர்’ என ஒரே வரியில் அடக்குகிறது. ஒருவருக்குப் பங்களாவும் மற்றவருக்குக் குடிசையும் கிடைத்தன, விடைத்தாளில் இருவருக்கும் தலா அரை மதிப்பெண்.

அறுகோணம் தருவதாகச் சொல்லிவிட்டு இன்னும் பென்சில் கோட்டையே தாண்டவில்லை என்று வாசகர் முணுமுணுப்பது நியாயமே. ஆயினும் அட்டவணை அதற்குள் தலைகீழாகிவிட்டதையும் சொல்லியாக வேண்டும். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்களை நடத்திவந்த பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் மூடப்பட்டதும், நூறாண்டுக்கு மேல் வலப்புறம் இருந்த ஊர் ஒரே நாளில் இடப்புறத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றுமுதல் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, சுமார் 100 கிலோமீட்டர் போய்ப் பெங்களூரில் வேலை பார்த்து, இரவில் திரும்பி வரும் ஆயிரக்கணக்கானோர் உளர். வசிப்பிடம் மாறினால்தான் இடப்பெயர்வு. இரவு வீடு திரும்பினால் அது ‘தினசரிப் பயணம்’ என்னும் வேறு கருத்து. அது தாளில் இல்லை. ஆதலால் அந்த ரயிலின் வாசற்படியில், டிபன் கேரியர்களுக்கு நடுவே ஒற்றைக்காலில் நின்றபடி, பக்கத்தில் தூங்கிவழியும் தந்தையின் தோளில் தாளை வைத்து ரூர் பள்ளத்தாக்கை மனப்பாடம் செய்யும் மாணவி தேர்வு முறைப்படி சரியாகவே நடந்துகொள்கிறாள். தந்தை பாடத்திட்டத்துக்கு வெளியே இருக்கிறார்.

மைய இடக் கோட்பாட்டைப் பொறுத்தவரை, மேடுபள்ளமற்ற, எங்கும் ஒரே சீராக மக்கள் பரவிய சமவெளி ஒன்றைக் கிறிஸ்டாலர் முதலிலேயே கற்பித்துக்கொண்டார் என்பதை அறிந்தால் போதும். அத்தகைய சமவெளி இந்த வட்டாரத்தில் இல்லை. அறுகோணம் வரைய நேரமும் பிடிக்கும். அதைச் சாய்ஸில் விட்டுவிடலாம்.