பொழைச்சா உனக்கே, தாயே

எங்கள் ஆயா எந்தக் கோழிக்கும் பெயர் வைத்ததில்லை. செவலை, கருப்பு, கொண்டை சாஞ்சது, அன்னிக்கு ஓட்டு மேல ஏறினது என்று அடையாளம்தான் உண்டு. 1960களின் இரும்புலியூருக்கு அது போதுமானதாக இருந்தது. ஏரிக்கரைப் பக்கம் வீடு. வீட்டைவிடக் கொல்லை பெரிசு. விடிந்ததும் கூடையைத் தூக்கிவிட்டால் கோழிகள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடும். பொழுது சாய்ந்தால் தாமாக வந்து சேரும். முட்டைக் காசு ஆயாவின் சுருக்குப்பைக்குள் போகும். அதில் கை வைக்கத் தாத்தாவுக்கே தைரியம் கிடையாது.

வராத கோழி என்றால் இரண்டு காரணம். ஒன்று, பக்கத்து வீட்டுக் குழம்பு. ஆயா அந்த வாசலில் நின்று கொடுக்கும் சாபத்தை இங்கே எழுத முடியாது. இன்னொன்று கீரி, பருந்து, காட்டுப்பூனை. வண்டலூர்க் காடு அப்போது இவ்வளவு தள்ளி இல்லை.

ஒருநாள் செவலையைக் கீரி கவ்வ, யாரோ கல்லெறிந்து விடுவித்தார்கள். முதுகுத் தோல் பிய்ந்து மடல்போலத் தொங்கியது. ஆயா பதறவில்லை. கோணிப்பையை விரித்து உட்கார்ந்தாள். கோழியின் காலிரண்டையும் தன் முழங்காலுக்கு அடியில் கொடுத்துக்கொண்டாள். "ஆடாம புடிடா. நெஞ்ச அமுக்காத, மூச்சு முட்டி பூடும்" என்று இறக்கைகளை என் கையில் கொடுத்தாள். காயத்தைச் சுற்றியிருந்த இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய உப்புத் தண்ணீரை விட்டுக் கழுவினாள். கந்தல் தைக்கும் ஊசியை விளக்கில் காட்டி, மஞ்சளில் தோய்த்த நூலைக் கோத்து, தலையணை உறை தைப்பதுபோல நாலு தையல் போட்டாள். மேலே மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்த பத்து. கோழி கத்தவேயில்லை. கண்ணை மட்டும் அடிக்கடி மூடி மூடித் திறந்தது.

பிறகு தனிக்கூடையில் கவிழ்த்து இருட்டு மூலையில் வைத்தாள். மற்ற கோழிகளோடு விட்டால் சிவப்பைக் கண்டு கொத்தியே கொன்றுவிடும். நொறுங்கிய அரிசியும் கம்பும், வெல்லம் கரைத்த தண்ணீரும் உள்ளே போயின. ஈ மொய்த்துப் புழு வைக்காமல் இருக்கச் சீத்தா இலையை அரைத்துப் பூசினாள்.

எல்லாம் முடித்துக் கிழக்கே திரும்பிக் கும்பிட்டாள் பாருங்கள், அதுதான் சிகிச்சையின் உச்சம்.

"அம்மா தாயே, இத்த எப்டியாச்சும் பொழைக்க வச்சிடு. ஆடி மாசம் உனுக்கே குடுத்துடறேன்."

உயிரைக் காப்பாற்று, அந்த உயிரையே உனக்குத் தருகிறேன் என்கிற இந்த ஒப்பந்தத்தில் ஏதோ இடிக்கிறதே என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மனுக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. செவலை பிழைத்து எழுந்தது, முட்டையிட்டது. ஆடி பிறந்து கூழ் ஊற்றும் நாளில் வாக்கு நிறைவேற்றப்பட்டது. ஈரல் எனக்கு வந்தது. தைத்த இடத்தில் தோல் கெட்டியாகியிருந்ததாக அம்மா உரிக்கும்போது சொன்னாள்.

கோயிலில் ஆடு கோழி பலியிடக் கூடாதென்று 1950லேயே சட்டம் வந்துவிட்டது என்பது எங்கள் ஊர் அம்மனுக்குத் தெரியாது. 2003இல் அரசாங்கம் அந்தச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தபோதுதான் பலருக்கும் தெரிந்தது. எதிர்ப்புக் கிளம்பி, 2004இல் சட்டத்தையே விலக்கிக்கொண்டார்கள்.

ஆயாவின் வைத்தியம் அத்தனையும் பொன் என்று சொல்ல மாட்டேன். ரத்தம் நிற்கவில்லையென்றால் வெற்றிலைப்பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து அப்புவாள். பச்சைப் புண்ணில் அது எப்படி எரிந்திருக்கும் என்பதைக் கோழிதான் சொல்ல வேண்டும். வெள்ளைக்கழிச்சல் வந்தாலோ அவள் கைமருந்து எதுவும் நிற்காது. ஒரு கோடையில் காலையில் கூடையைத் தூக்கினால் பாதிக்கு மேல் கழுத்து முறுக்கிக் கிடந்தன. "கொள்ள நோவு, ஆத்தா விளையாட்டு" என்று குழி தோண்டிப் புதைத்தோம். 1932 முதல் இயங்கும் ராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிறுவனத்தில் அந்த நோய்க்குத் தடுப்பு மருந்து தயாரானது. ராணிப்பேட்டை அப்போது இருந்தது பக்கத்து ஜில்லாவில்தான். மருந்து எங்கள் கொல்லைக்கு வரவில்லை. வந்திருந்தாலும் கோழிக்கு ஊசியா என்று ஆயா சிரித்திருப்பாள்.

இப்போது கொல்லை என்பது போர்வெல் மோட்டாருக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவிலுள்ள சந்து. ஊரை ஒட்டி பைபாஸ் கிளம்பி மதுரவாயல் போகிறது. 2021இல் தாம்பரம் மாநகராட்சியானபோது நாங்களும் மாநகரவாசிகளானோம். அந்தச் சந்தில் லட்டு வசிக்கிறது.

லட்டு வந்த கதையைச் சொல்ல வேண்டும். மதுராந்தகம் பக்கத்திலிருக்கும் சம்பந்தி, "நல்ல நாட்டுக்கோழி, வறுவல் போட்டா பிரமாதமா இருக்கும்" என்று காலைக் கட்டிப் பையில் போட்டுக் கொடுத்தனுப்பினார். மசாலா அரைத்து முடிப்பதற்குள் பேத்தி பெயர் வைத்துவிட்டாள். பெயர் வைத்த கோழியை யார் அறுப்பது? மசாலாவை உருளைக்கிழங்கில் போட்டோம்.

போன வருஷம் கேட் திறந்திருந்த நேரம் தெருநாய் ஒன்று லட்டுவைக் கவ்வி உதறியது. அதே முதுகு, அதே தோல் கிழிசல். நான் மஞ்சள் டப்பாவைத் தேடிப் போனேன்.

"மாமா, அதெல்லாம் போடாதீங்க, இன்ஃபெக்‌ஷன் ஆயிடும்" என்றாள் மருமகள். அவள் கையில் போன், போனில் யாரோ வெள்ளைக்காரர் கோழிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் போனது பக்கத்திலிருந்த ஏ.சி. கிளினிக். வரவேற்பிலிருந்த பெண் படிவத்தை நீட்டினாள். பெட்டின் பெயர்? லட்டு. வயது? தெரியாது. இனம்? பேத்தி "கோழி" என்றாள். அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தாள். "நாய், பூனை மட்டும்தான் சார் பாக்கறோம்."

ஆகவே வேப்பேரி. 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. ஆடு, மாடு, கிளி, முயல் எதையும் அங்கே கொண்டுபோகலாம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம். அட்டைப்பெட்டிக்குள் லட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு பேத்தி. பல்லாவரம் தாண்டும்போது எதிர்சீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "நாட்டுக்கோழியா சார்? கிலோ இன்னா வெலைக்கு வாங்கினீங்க?" என்று கேட்டார். எழும்பூர் வரைக்கும் பேத்தி அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

டாக்டர் இளவயசுப் பெண். துண்டில் சுற்றி லட்டுவை மேஜைமேல் வைத்தார். "நெஞ்ச அழுத்தாம புடிங்க சார், மூச்சு முட்டும்" என்றார். நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் கோழிக்குக் காற்று உள்ளே போகுமாம். நமக்கிருக்கிற உதரவிதானம் அதற்கில்லை. காயத்தைச் சுற்றி இறகைப் பிடுங்கினார், சலைன் விட்டுக் கழுவினார், மரத்துப்போக ஊசி போட்டுத் தைத்தார். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவில்லை. தனியாக வையுங்கள், மற்ற கோழிகள் கொத்தும் என்றார். கையுறையையும் மரப்பு ஊசியையும் எக்ஸ்ரேயையும் கழித்துவிட்டால் எங்கள் ஆயா செய்ததுதான். ஆனால் அந்த மரப்பு ஊசியைக் கழிக்க எனக்கு மனசு வராது.

வலிக்கு மெலாக்சிகம் எழுதினார். கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றதால் 2006இல் அதைத் தடை செய்தார்கள். கழுகுக்குக் கெடுதல் செய்யாதென்று சோதித்து அந்த இடத்துக்கு வந்த மருந்து இது. பருந்தைக் கண்டு பதுங்கிய கோழி ஜாதிக்குக் கழுகோடு இப்படி ஒரு உறவு.

ஆன்டிபயாடிக்கும் உண்டு. மருந்து கொடுக்கும் நாளிலும், நிறுத்திச் சில நாளுக்கும் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். நியாயம். மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கிற கொலிஸ்டினைப் பண்ணைகளில் தீவனத்தில் கலந்து வந்ததையே 2019இல்தான் தடை செய்தார்கள். லட்டுவின் முட்டைகளை மருமகள் தேதி குறித்துக் குப்பையில் போட்டாள்.

வீட்டில் லட்டுவுக்கு க்வாரன்டைன். கொரோனாவில் கற்ற வார்த்தை வீணாகவில்லை. மருந்து நேரம் எழுதிய தாள் ஃப்ரிட்ஜில் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பார்சல் வந்தது. பேத்தி எழுந்து போய், சந்துப் பக்கக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, லெக் பீஸ் தனக்கு என்றாள்.

ஆடியில் கூழ் ஊற்றினோம். அம்மனுக்குத் தேங்காய் உடைத்ததோடு சரி.

லட்டு இப்போது நன்றாக நடக்கிறது, ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிடுகிறது. மருந்துக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அது லட்டுவின் பிள்ளை என்று பேத்தி தொடவிடுவதில்லை. அண்ணாச்சி கடையிலிருந்து நாமக்கல் முட்டை வாங்குகிறோம், வாரம் ஒரு தட்டு.